'போதும்' என்று சொல்லும் இடம்

குரலாகவே அனுப்பினால் அந்த மெல்லும் சத்தமும் சேர்ந்து போய்விடும். அதனால்தான் யாகப்பன் பேசுவதைப் போன் எழுத்தாக்கி அனுப்பும்படி வைத்திருந்தான். எழுத்துக்கு நாற்றம் இல்லை, பின்னால் கேட்கிற சத்தம் இல்லை. தூத்துக்குடியில் இருக்கும் அக்கா தெக்லா அதை வாசித்துவிட்டு நிம்மதியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள்.

"யக்கா, அத்தான் நல்லா இருக்காவ. சாப்பிட்டுட்டு இப்பந்தான் கண் அசந்தாவ. ஞானஸ்நானத்துக்குக் கட்டாயம் வந்துருவாவ. நீ ஒண்ணும் யோசிக்காத."

அத்தான் கண் அசரவில்லை. கீழ்க்கட்டிலின் திரைக்குப் பின்னால் எதையோ மென்றுகொண்டிருந்தார். தின்பதற்காக மெல்லும் சத்தம் ஒருமாதிரி இருக்கும், இது வேறு. மெல்லுவார், எச்சிலோடு வெளியே எடுப்பார், விரலால் அப்புவார். பிறகு மறுபடியும்.

தெக்லா எழுதவில்லை. பேசியே அனுப்பினாள். "ஏல யாகு, மொகத்த ஒருதடவ காட்டச் சொன்னா அவியளுக்கு என்ன கொறஞ்சு போவுது? பிள்ளைக்குக் கண்ணு நல்லா நிலைச்சாச்சு, அப்பன் மொகம் இன்னும் தெரியாது. சாமியார்ட்ட சொல்லி நாளும் குறிச்சாச்சு. அப்பன் இல்லாம எம்பிள்ளைக்குத் தண்ணி ஊத்த மாட்டேன், சொல்லிட்டேன்." அவள் குரலுக்குப் பின்னால் பிள்ளை வீறிட்டு அழுதது.

திரைக்குப் பின்னால் மெல்லும் சத்தம் நின்றது. செய்தி முடிந்ததும் தொடர்ந்தது. அப்போது யாகப்பன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் இருந்தது வடக்கே ஒரு வெளிநாட்டில், குளிர்காலத்தில் கடல் உறைந்துபோகும் துறைமுக ஊரில். ஊரைச் சுற்றிலும் கிடங்குகள். கிடங்கு ஆட்கள் எல்லோருக்கும் ஒரே விடுதி. அத்தான் பெர்க்மான்ஸ் பெட்டி கட்டும் வேலைக்கு முதலில் வந்தார். மச்சினன் யாகப்பன் பின்னால் வந்தான். அவனுக்குப் பக்கத்தில் கம்பெனியின் ஆராய்ச்சிக் கட்டடத்தில் எலிக்கூண்டு கழுவும் வேலை.

வந்த புதிதில் பெர்க்மான்ஸ் அழுவார். குளிக்கும்போது அழுவார், ரொட்டியைப் பார்த்து அழுவார். கிடங்கில் பாதிப் பேர் அப்படித்தான். ஒப்பந்தம் முடியுமுன்னே ஓடிப்போகிறவர்கள் பெருகியதும் கம்பெனி ஒரு பட்டை கொண்டுவந்தது. நகத்தளவு இருக்கும். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் வந்த இடம் சொந்த வீடு மாதிரி ஆகிவிடும் என்றார்கள். ஆகவும் செய்தது. விடுதி பளபளத்தது. போர்வையில் சுருக்கம் கிடையாது. ஊர்ப் பேச்சை எடுத்தால் பெர்க்மான்ஸ், "இங்க என்ன மாப்ள கொறச்சல்?" என்பார். எலி அறை ஆட்களுக்கு மட்டும் பட்டை கொடுக்கவில்லை. ஒட்டினால் எலி கூடு கட்ட வைக்கிற பஞ்சு மிஞ்சாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு யாகப்பனும் சிரித்தான்.

இப்போது அதில் சிரிக்க எதுவும் இல்லை.

அவன் திரையை விலக்கினான். வாடை முகத்தில் அறைந்தது. நனைந்த நாயும் பழைய எச்சிலும் கெட்டுப்போன பாலும் சேர்ந்த வாடை. கட்டிலில் மெத்தை தெரியவில்லை. ஒரு பெரிய கிண்ணம் மாதிரி கூடு எழும்பி மேல்கட்டிலை முட்டிக்கொண்டிருந்தது. கிழித்த பெட்டி அட்டை, உருட்டிய பிளாஸ்டிக் தாள், துணி உலர்த்தும் இயந்திரத்தில் சேரும் பஞ்சுத்தூசி, அடுத்தவன் காயத்திலிருந்து உரித்த பிளாஸ்திரி, குளியலறைச் சாக்கடையில் அடைத்துக்கொள்ளும் முடி. அந்த முடியை அத்தான் நாலு பேர் பார்க்க விரலால் நோண்டி எடுத்து, சொட்டச் சொட்டக் கொண்டுவந்திருந்தார். எல்லாவற்றையும் எச்சில் ஒட்டி வைத்திருந்தது. நடுக்குழியில், மிக மெல்லியதாக, ஊதா நூல்.

அந்த ஊதாவைப் பார்க்கும்போதெல்லாம் யாகப்பன் பார்வையைத் திருப்பிக்கொள்வான். அது அவன் செய்த காரியம்.

ஊரில் பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் கிடத்தமாட்டார்கள். துவைத்துத் துவைத்து நைந்துபோன சேலையில்தான் தொட்டில். பெர்க்மான்ஸ் ஊர்ப் பேச்சே எடுக்காமல் போனபோது யாகப்பனுக்கு ஒரு யோசனை வந்தது. அக்கா உடுத்த சேலை ஒன்று வந்தால், அந்த மணம் பட்டால், மனசு ஊருக்குத் திரும்பாதா? அக்காவிடமே கேட்டான். "ஊதாப்பூச் சேல இருக்கு. பாதியத் தொட்டிலுக்கு வச்சுக்கிடுதேன், பாதிய அனுப்புதேன். அவியள தலமாட்டுல வச்சுக்கிடச் சொல்லு" என்று தெக்லா கிழித்து அனுப்பினாள்.

பெர்க்மான்ஸ் அதை முகத்தில் வைத்து மோந்தார். யாகப்பன் பக்கத்தில் கண்கலங்கி நின்றான். அப்புறம் அவர் ஓரத்தைப் பல்லில் கடித்து நூலை உருவ ஆரம்பித்தார். அதுவரை அரைகுறையாகக் கிடந்த கூடு அன்றைக்குத்தான் முழுசாகியது. முழுசான பிறகு அவர் வேலைக்கும் கழிப்பறைக்கும் தவிர வெளியே வரவில்லை. பிறகு கழிப்பறைக்கும் வரவில்லை.

"அத்தான். அக்கா ஒங்களக் கேக்குதா. ஊருக்குப் போவோம் வாங்க."

கூட்டுக்குள்ளிருந்து முகம் திரும்பியது. தாடி ஒருபக்கம் மட்டும் இருந்தது. மறுபக்கத்தை அவரே பிய்த்து எடுத்திருந்தார். தோல் கோழித்தோல் மாதிரி புள்ளி புள்ளியாகச் சிவந்திருந்தது. உதட்டில் நூல் ஒட்டியிருந்தது. "நீ போ மாப்ள," என்றார், மரியாதையாகவே. "அந்தப் பக்கம் ஒரு ஓட்ட இருக்கு. காத்து வருது. இதை அடைச்சிட்டு வாரேன்."

ஓட்டை எதுவும் இல்லை.

மறுநாள் எலி அறையில் யாகப்பன் டாக்டர் நிரோஜினியிடம் கேட்டுவிட்டான். யாழ்ப்பாணத்திலிருந்து சின்னப் பிள்ளையாக இங்கே வந்தவள். எலிகளை வைத்து அந்தப் பட்டையை முதலில் செய்துபார்த்தது அவள்தான். தமிழில் கதைக்க அவன் கிடைத்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷம் உண்டு. அன்றைக்கு அந்தச் சந்தோஷம் முகத்தில் இல்லை.

"பட்டையக் கழட்டிப் பாத்தனீரோ?" என்றாள்.

"நான் அப்பமே பிச்சுட்டேன் டாக்டர். அதையும் எடுத்துக் கூட்டுல வச்சுக் கட்டிட்டாவ."

நிரோஜினி கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அப்ப மூளைக்கு வழி பழகிட்டுது தம்பி. பாரும், மூளையின்ர அடியில, கண்ணுக்குக் கொஞ்சம் பின்னால ஒரு இடம் இருக்கு. குளிருது, கூடு கட்டு, பிள்ளையைப் பார் எண்டு சொல்லுறது அதுதான். அதைத் தட்டி எழுப்பிறது லேசு. பட்டை அதைத்தான் செய்யுது. ஆனா கட்டினது காணும், போதும், இனிப் படு எண்டு சொல்லுறதுக்கு வேற ஒரு சுற்று இருக்கு. நெத்திக்குப் பின்னால இருந்து உள்ளுக்குப் போய்த் திரும்பி வாற சுற்று. சில பேர் கதவு பூட்டினனானோ எண்டு திரும்பத் திரும்பப் போய்ப் பாப்பினம் தெரியுமோ? கையைத் தோல் உரியிற அளவுக்குக் கழுவுவினம். அவைக்கு அந்தச் சுற்றிலதான் பிழை."

"அப்ப அந்தப் போதும்ங்குற இடத்துக்கு ஒரு பட்ட செய்யுங்க."

"கம்பெனியிட்டக் கேட்டனான்." அவள் கூண்டுகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "போதும் எண்டு சொல்லுற வேலையாளை வச்சு நாங்கள் என்ன செய்யிறது எண்டு கேட்டவை."

யாகப்பனும் கூண்டுகளைப் பார்த்தான். தினமும் காலையில் அவன் செய்கிற வேலை நினைவுக்கு வந்தது. மாலையில் எலிக்கு ஒரு பஞ்சுத் துண்டு வைப்பான். காலையில் போய்க் குழி ஆழமா, சுவர் எழும்பியிருக்கிறதா என்று பார்த்து மார்க் போடுவான். நன்றாகக் கட்டிய எலி நல்ல எலி. விடுதிக் காப்பாளனும் தினமும் காலையில் வருவான். ஒவ்வொரு திரையாக விலக்கி எட்டிப் பார்ப்பான், மூக்கைச் சுளிக்கக்கூட மாட்டான், கைக்கருவியில் எதையோ தட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவான். சுத்தம் பார்க்கிறான் என்று இத்தனை நாள் யாகப்பன் நினைத்திருந்தான்.

"இந்த எலி இருக்கே," என்று ஒரு கூண்டைக் காட்டினான். பட்டைக்குப் பதிலாக மூளையில் கம்பி வைத்த எலி அது. பஞ்சு தீர்ந்தபிறகு தன் வயிற்று முடியைப் பிய்த்துக் கட்டிக்கொண்டிருந்தது. அடிவயிறு மொட்டையாக, ஈரமாக இருந்தது. "இது எதுக்குமே வெளிய வராதா?"

நிரோஜினி பேசாமல் எழுந்து, பக்கத்துக் கூண்டிலிருந்து பிறந்து சில நாளே ஆன குட்டி ஒன்றை எடுத்தாள். கண் திறக்காத, ரோஸ் நிறத்தில் புழு மாதிரி ஒரு குட்டி. கூண்டின் அடுத்த மூலையில் வைத்தாள். குட்டி வாயைத் திறந்தது. நம் காதுக்கு எட்டாத சத்தம். கூடு அசைந்தது. எலி புறப்பட்டு, எதையும் பார்க்காமல், நேராக ஓடிவந்தது. குட்டியை வாயில் கவ்விக்கொண்டு கூட்டுக்குத் திரும்பிப் போனது.

"இதுக்கு மட்டும் வரும்," என்றாள் நிரோஜினி. "ரெண்டும் ஒரே இடத்தில இருந்துதான் புறப்படுது."

யாகப்பனுக்கு அந்த எலி வெளியே வந்ததுதான் கண்ணில் நின்றது. நேற்று பிள்ளை அழுதபோது மெல்லும் சத்தம் நின்றது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

நிரோஜினி பெர்க்மான்ஸுக்கு மருத்துவ விடுப்பு வாங்கிக் கொடுத்தாள். தொற்றுநோய் என்று எழுதினாள். கம்பெனி வேறு எதற்கும் ஆளை வெளியே விடாது. "ஆளை வெளியில கொண்டுவாறது உம்மட பாடு," என்றாள். கதவு வரை வந்து எதையோ சொல்ல வாயெடுத்தவள், "கவனம் தம்பி," என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மூட்டை கட்டிவைத்துவிட்டு, யாகப்பன் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து தெக்லா அனுப்பியதைப் போட்டான். அவள் பேச்சைத் தள்ளிவிட்டுப் பிள்ளை அழுவதை மட்டும்.

மெல்லும் சத்தம் நின்றது. கூட்டின் விளிம்பில் விரல்கள் தெரிந்தன. பெர்க்மான்ஸ் வெளியே வந்தார். முழங்காலில், பிறகு நின்று. உடம்பில் ஒட்டியிருந்த குப்பை உதிர்ந்தது. கண் போனை விட்டு அகலவில்லை.

"வாங்க அத்தான். இந்தா இங்கதான். வாங்க." யாகப்பன் பின்னோக்கியே நடந்தான், நாய்க்குட்டிக்கு பிஸ்கட் காட்டுகிறவன் மாதிரி. தன்னைப் பார்க்கத் தனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் சத்தத்தைக் கூட்டினான்.

அதுதான் தப்பாகப் போனது. கூடம் நெடுகத் திரைகள் விலகின. ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் ஒரு தலை. பிய்ந்த புருவம், சொட்டை விழுந்த மண்டை, வாயில் தொங்கும் பிளாஸ்டிக் இழை. ஒடிசாக்காரர், நேபாளத்துக்காரர், நம் ஊர்க்காரர், எல்லோரும் பிள்ளை பெற்றவர்கள்; சிலருக்குப் பிள்ளை தோளுக்கு மேல் வளர்ந்திருக்கும். ஒருத்தரும் பேசவில்லை. கட்டிலிலிருந்து இறங்கி, கையை நீட்டிக்கொண்டு, அந்த அழுகையை நோக்கி வந்தார்கள். ஒருவர் யாகப்பனின் மணிக்கட்டைப் பிடித்தார். கை ஈரமாகப் பிசுபிசுத்தது.

அவன் அத்தானை இழுத்துக்கொண்டு படிக்கட்டுக் கதவைச் சாத்தினான். கதவுக்கு அந்தப் பக்கம் உள்ளங்கைகள் உரசும் சத்தம் கேட்டது. போனை அணைத்தான். அந்த உரசல் நிற்கும்வரை பொறுக்க முடியாமல் படியிலேயே வாந்தி எடுத்தான். பெர்க்மான்ஸ் குனிந்து அதைப் பார்த்தார். அதில் கட்ட உதவுகிற மாதிரி ஒன்றும் இல்லை என்பதுபோல நிமிர்ந்துகொண்டார்.

விமானத்தில் அவர் காதில் அழுகையை மெல்லிதாகப் போட்டுவிட்டு யாகப்பன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவ்வளவு நேரமும் அவர் சாந்தமாக, முன்னால் சாய்ந்து, போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருதடவை மட்டும் முன் இருக்கைக்காரர் கழற்றிப் போட்ட காலுறையை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "யக்கா, கூட்டிட்டு வாரேன்" என்று யாகப்பன் செய்தி அனுப்பினான். பல மாதங்களில் அவன் அனுப்பிய முதல் உண்மை அது. அதுவும் பாதிதான்.

வீட்டில் ஞானஸ்நானத்துக்கு உறவு கூடியிருந்தது. பிரியாணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாசில்லா மதினிதான் முதலில் பார்த்தாள். "என்ன தெக்லா, ஒம் மாப்பிள்ளைய எலி கரம்புன மாதிரி கொண்டாந்திருக்கான் ஒந் தம்பி." எல்லோரும் சிரித்தார்கள். யாகப்பன் சிரிக்கவில்லை.

தெக்லா சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தாள். கிட்டே வந்ததும் மூக்கைத் துடைப்பதுபோல முந்தானையை முகத்துக்குக் கொண்டுபோனாள். "தாடிய ஒழுங்கா மழிச்சாத்தான் என்ன," என்றாள். பெர்க்மான்ஸ் அவளைப் பார்க்கவில்லை. உள்ளே தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது. நேராகப் போனார்.

வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அவ்வளவு பதனமாக எடுத்தார். கழுத்துக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை, நெஞ்சோடு சேர்த்து. பிள்ளை உடனே அடங்கியது. மாசில்லா மதினி கண்ணைத் துடைத்தாள். தெக்லா தம்பியின் கையைப் பிடித்து அழுத்தினாள். யாகப்பனும் அந்த ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினான்.

பெர்க்மான்ஸ் திரும்பி வாசலைக் கடந்து தெருவில் இறங்கினார்.

"பிள்ளைய ஊருக்குக் காட்டப் போறாவ போல," என்றாள் தெக்லா. அவர் எந்த வீட்டு முன்னாலும் நிற்கவில்லை. யாகப்பன் ஓடினான்.

"எங்க அத்தான் போறீய?"

"வீட்டுக்கு மாப்ள." நடையை நிறுத்தவில்லை. "பிள்ள வெளிய கெடந்துட்டுது பாரு. குளிரும்லா."

வெயில் தார்ச்சாலையில் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த எலி யாகப்பனுக்கு நினைவு வந்தது. ஓடிவந்தது. கவ்வியது. பிறகு திரும்பிப் போனது. அவன் முன்பாதியை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு விமானம் ஏறியிருந்தான். கூட்டை விட்டு வந்த எலி இல்லை அது. கூட்டுக்காக வந்தது.

அவசரமாகப் போனை எடுத்துப் பிள்ளை அழுகையைப் போட்டான். பெர்க்மான்ஸ் நின்றார். போனைப் பார்த்தார். மார்பில் தூங்கும் பிள்ளையைப் பார்த்தார். பரிதாபமாகச் சிரித்தார். "அது ஒங்கிட்டயே இருக்கட்டும் மாப்ள. எம்பிள்ள எங்கிட்ட இருக்கு." பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். யாகப்பன் தோளைப் பிடித்தபோது பிள்ளைக்கும் அவன் கைக்கும் நடுவே முதுகை மட்டும் திருப்பினார். முரட்டுத்தனம் எதுவும் இல்லை. விடவும் இல்லை.

தெக்லா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "ஏல. அவியள எங்கேருந்துல கூட்டிட்டு வந்த? உள்ளதச் சொல்லு."

சொன்னான். நடுத்தெருவில், போனில் இத்தனை மாதம் எழுதாததையெல்லாம் சொன்னான். பட்டை, சாக்கடை முடி, எச்சில், கழிப்பறைக்கும் வராமல் போனது. சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்கியது. ஆனால் கண் புருஷன் விரலிலேயே இருந்தது. பிள்ளையைச் சுற்றியிருந்த துணியின் ஓரத்தில் அந்த விரல்கள் நூலை உருவி உருவிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டிருந்தன.

"நான் அனுப்புன பாதி?"

"மென்னுட்டாவ."

அவள் திரும்பி வீட்டுக்குள் ஓடினாள். வரும்போது கையில் தொட்டில் சேலை இருந்தது. கயிற்றிலிருந்து அப்படியே அறுத்திருந்தாள். ஊதாப்பூச் சேலையின் மறுபாதி. அதைப் பெர்க்மான்ஸின் மூக்குக்கு முன்னால் நீட்டிப் பிடித்தாள். அவர் நடை தளர்ந்தது. அவள் பின்னால் நகர்ந்தாள், அவர் பின்தொடர்ந்தார். வாசல், உறவுக்காரர்கள், உரித்த வெங்காயம் எல்லாவற்றையும் தாண்டி வீட்டின் கடைசி மூலைக்கு. அங்கே சேலையைத் தரையில் போட்டாள்.

"இங்க கட்டுங்க."

பெர்க்மான்ஸ் சுவரைத் தடவிப் பார்த்தார். "காத்து வருது," என்றார்.

"அடைச்சிருவோம்."

அவர் உட்கார்ந்தார். பிள்ளையை நடுவில் கிடத்தினார். சேலை ஓரத்தை வாயில் வைத்தார். ஈரமான சத்தம் ஆரம்பித்தது. மாசில்லா மதினி, "ஏ மாதாவே," என்று வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

தெக்லா கண்ணாடிக்குப் பின்னால் சுவர்ச் சந்தில் கைவிட்டாள். தலைவாரும்போது உதிர்கிற முடியைச் சுருட்டிச் சுருட்டி அங்கேதான் செருகிவைப்பாள். முடி வாங்க வருகிறவனுக்குப் போடுவதற்கு. எண்ணெயும் தூசியும் ஏறிய அந்த உருண்டையை எடுத்தாள். புருஷன் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை மோந்துவிட்டு, முதல்முறையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாயில் போட்டுக்கொண்டார்.

யாகப்பன் ஒரு எட்டு பின்வாங்கினான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "யக்கா, இது நின்னு போவாது. போதும்னு சொல்லுற எடம் அவியளுக்கு இல்ல."

"எனக்கு இருக்குல்லா," என்றாள் தெக்லா. பிள்ளை முகத்தில் ஒட்டிய எச்சில் நூலைத் துடைத்துவிட்டு, அதைக் குப்பையில் போடாமல் கூட்டிலேயே வைத்தாள். முகம் அருவருப்பில் கோணியிருந்தது. கை தன் வேலையைச் செய்தது. "நான் சொல்லும்போது சொல்லுதேன். நீ அங்க நிக்காத. இந்தச் சேல சாயங்காலத்துக்குக் காணாது. போய் ஏதாச்சும் பெறக்கிட்டு வா."

யாகப்பன் தெருவில் இறங்கினான். சாக்கடை ஓரத்தில் ஒரு கந்தல் பனியன் பாதி நனைந்து கிடந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.